ஹனோய் நடைபாதையில் ஏழாம் இலக்கம்

அந்தத் தெருவுக்கு நாங்கள் பிராங்பேர்ட்டில் வைத்தே ஒரு பெயர் கொடுத்திருந்தோம்: பகுதி மூன்று. எங்கள் பொறியியல் அலுவலகத்தின் ஐந்தாம் மாடித் திரையில் அது ஒரு சாம்பல் நிறக் கோடு. அதன் இரண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் வெளிறிய சாம்பலில் நடைபாதை. அதில் நடக்கிற மனிதர்களை ஒட்டியது நான்தான். வரைபடங்களுக்கென்று எங்களிடம் ஒரு மனிதக் கூட்டம் எப்போதும் தயாராக இருக்கும். பிள்ளை வண்டில் தள்ளுகிற பெண், நாயோடு ஒருவர், தோள்பையோடு ஒருவர். எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் குந்தியிருக்கிற ஆள் ஒருவர்கூட இல்லை என்பதை ஹனோய்க்குப் போகும்வரை நான் கவனித்ததில்லை.

வியட்நாமுக்கு யாரை அனுப்புவது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் முகத்தைக் கண்டால் அவர்களுக்கு ஆசியா முழுவதும் ஞாபகத்துக்கு வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் பிறந்து எட்டு வயதில் ஜேர்மனிக்கு வந்தவள் நான். ஹனோய் அவர்களுக்கு எவ்வளவு அந்நியமோ எனக்கும் அவ்வளவு அந்நியம். இருந்தும் மறுக்கவில்லை. ஜேர்மனியில் ஊன்ட்றொப் என்ற ஊரில் இருக்கிற அம்மன் கோயில் தேருக்கு வருஷா வருஷம் கடைகளுக்கு இடம் பிரித்துக் கொடுக்கிறவர்களில் நானும் ஒருத்தி. தெருவில் வெண்கட்டியால் கட்டம் கீறி, இலக்கம் போட்டு, பெயரை எழுதிவிட்டால் வடைக் கடைக்கும் சாறிக் கடைக்கும் நடக்கிற சண்டை நின்றுவிடும். தெருக்கடைகளைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பு எனக்கு.

வேலை என்னவென்றால், அந்தத் தெருவின் நடைபாதையைப் புதிதாகப் போடப் போகிறார்கள். ஏற்கெனவே அங்கே இருந்து விற்கிறவர்களை விரட்டக் கூடாது என்று உதவி செய்கிற ஜேர்மன் தரப்பு நிபந்தனை போட்டிருந்தது. அதனால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் தேவைப்பட்டது. பட்டியலில் பெயர் உள்ளவருக்குப் புதிய நடைபாதையில் மஞ்சள் கோடு போட்ட ஒரு கட்டம். பெயர் இல்லாதவர் அங்கே இருக்கவே முடியாது. ஆக, நான் போனது அவர்களைக் காப்பாற்றுவதற்கு. இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. விடுதி ஒரு சந்தின் வாசலில் இருந்தது. கீழே இறங்கினால், பின்னால் பெரிய கூடை கட்டிய சைக்கிளோடு ஒரு பெண். அவரைச் சுற்றிச் சின்னச் சின்ன நீலப் பிளாஸ்டிக் முக்காலிகள். அவற்றில் முழங்கால் நாடியில் முட்டக் குந்தியிருந்து சாப்பிடுகிற சனம். கூடையைத் திறந்தால் மஞ்சள் போட்டு அவித்த ஒட்டரிசிச் சோறு. அதன் மேல் அவித்து அரைத்து உருட்டிய பயறு உருண்டையைக் கத்தியால் சீவிச் சீவித் தூவினார். மேலே பொரித்த வெங்காயம். எங்கள் வீட்டுப் பயற்றம் புக்கையைச் சர்க்கரை இல்லாமல் செய்தால் இப்படித்தான் இருக்கும். வாசத்திலேயே வயிறு சரி என்று சொல்லிவிட்டது.

அந்தக் கிழமை கந்தசஷ்டி. உபவாசம் இருக்கிற அளவுக்கு எனக்குப் பக்தி இல்லை, சைவத்தோடு நிறுத்திக்கொள்வேன். அந்தப் பெண் கடைசியில் ஒரு கரண்டி உருக்கிய கொழுப்பை ஊற்றப் போனார். நான் அவசரமாக மூக்கைத் தட்டையாக்கிப் பன்றி மாதிரிக் காட்டிக் கையை ஆட்டினேன். முக்காலிகளில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் கரண்டியை வைத்துவிட்டு, அதற்குப் பதிலாக இன்னும் ஒரு பிடி வெங்காயம் போட்டு, வாழையிலையில் மடித்துத் தந்தார். அடுத்த ஐந்து நாளும் நான் எதையும் காட்ட வேண்டி இருக்கவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் அவர் விரல்களை விரித்து என் வயதைக் கேட்டார். முப்பத்தெட்டு என்று காட்டினேன். அவர் நாற்பத்தாறு காட்டினார். பிறகு என்னை 'எம்' என்று கூப்பிட்டார். அது தங்கச்சி என்று பொருள்படும் என்பதையும், நான் அவரை 'சி' என்று, அதாவது அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பதையும் அன்று ஒன்பது மணிக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சொன்னார். வயது தெரியாமல் ஒருவரோடு பேசவே முடியாத மொழியாம். எனக்கு அது நல்ல ஆறுதலாக இருந்தது. பிராங்பேர்ட்டில் பக்கத்து மேசைக்காரியை அவளுடைய குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், பதினொரு வருஷமாக. இங்கே ஒரு காலைச் சாப்பாட்டோடு எனக்கு ஒரு அக்கா கிடைத்துவிட்டார்.

மொழிபெயர்ப்பாளரின் பெயர் ஹுங். அறுபது வயது. பெர்லின் மதில் விழுவதற்கு முன் கிழக்கு ஜேர்மனியின் ஒரு நெசவாலையில் நாலு வருஷம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். மதில் விழ, ஆலையும் விழ, இவரை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்த ஊர்ப் பேச்சு அவருடைய ஜேர்மனில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அவரை ஹுங் அண்ணை என்றுதான் நினைத்துக்கொண்டேன். அவர் ஜேர்மனில் சொன்னது எல்லாம் என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழில்தான் வந்து இறங்கியது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

வட்டார அலுவலகத்தில் இருந்து ஒரு இளம் அதிகாரி எங்களோடு வந்தார். ஒன்பது மணிக்குத் தெர்மின், அதாவது சந்திப்பு, பன்னிரண்டுக்கு இடைவேளை, நாலரைக்கு முடிவு. நேர அட்டவணையை பிராங்பேர்ட்டில் நானே தயாரித்து அனுப்பியிருந்தேன். தெருவின் தொங்கல் முனையில் இருந்து வெண்கட்டியோடு தொடங்கினோம். ஒன்று, வெற்றிலை மாதிரி எதையோ விற்கிற கிழவி. இரண்டு, சைக்கிள் திருத்துகிறவர். மூன்று, சாவி வெட்டுகிறவர். சந்து வாசலுக்கு வந்தபோது ஏழாம் இலக்கம். அங்கே யென் என்ற பெண் தாச்சியில் தோஃபு பொரித்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நூடுல்ஸும் தோஃபுவும். இந்த இடம் யாருடையது என்று கேட்டோம். தன்னுடையது என்றார். முழுப் பெயரை எழுதினோம், அதிகாரி முத்திரை குத்தினார்.

யெனுக்குப் பின்னால், சுவரோரம், நீல முக்காலிகள் அடுக்கிக் கயிற்றால் கட்டியிருந்தன. காலையில் நான் இருந்து சாப்பிட்ட அதே முக்காலிகள். இவர்கள் ஒருவருக்கொருவர் எப்படி ஒத்தாசையாக இருக்கிறார்கள் பார் என்று நினைத்து ஒரு படம்கூட எடுத்தேன். அறிக்கையில் சேர்க்கலாம் என்று.

அக்கா இருந்த இடமும் யென் இருந்த இடமும் ஒன்று என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் உறைக்கவில்லை. காலைச் சாப்பாடு என் கணக்கில் வேலைக்குள் வராது. வேலை ஒன்பதுக்குத் தொடங்கி நாலரைக்கு முடியும், அதற்கு வெளியில் நடப்பதெல்லாம் என் சொந்த வாழ்க்கை. முப்பது வருஷம் ஜேர்மனியில் இருந்து நான் ஒழுங்காகப் படித்த ஒரே பாடம் இதுதான். அக்கா என் சொந்த வாழ்க்கையில் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை முழுக்கவும் இலக்கங்கள்தான். மத்தியானம் யெனிடம் சாப்பிட்டோம். எனக்கு இறால் கூழ் வேண்டாம் என்று ஹுங் அண்ணை சொல்ல, உப்பும் தேசிக்காயும் கலந்து தந்தார். இறால் கூழின் மணம் தெருவையே தூக்கிக்கொண்டு போனது. சுற்றியிருந்தவர்கள் அதை ரசித்து ரசித்துத் தொட்டுச் சாப்பிட்டார்கள். யென் கெட்டிக்காரி, வாய்க்காரி. காலைச் சனத்துக்கு முதல் நாளே தண்ணீர் வைத்துவிட்டுப் போவது தான்தான் என்றும், அவர்கள் விட்டுப்போகிற வாழையிலைகளில் ஒரு துண்டைக்கூடத் தான் எடுக்க வேண்டி வந்ததில்லை, அவ்வளவு துப்புரவாக விட்டுப் போவா என்றும் சொன்னார். யார் என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை நகர அலுவலகத்தில் கூட்டம். ஹுங் அண்ணை நேரே அங்கே வருவதாக ஏற்பாடு. நான் மோட்டார் சைக்கிள் வாடகைக்காரர் ஒருவரின் பின்னால் ஏறினேன். அவர் தந்த தலைக்கவசம் ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு. இந்த ஊரில் முகவரி என்பது சரிவுக் கோடுகளால் ஆனது. பன்னிரண்டு, கோடு, நாற்பத்தைந்து, கோடு, ஒன்பது என்றால், பன்னிரண்டாம் சந்துக்குள் நாற்பத்தைந்தாம் சந்து, அதற்குள் ஒன்பதாம் வாசல். அவர் என்னைச் சரியான இலக்கத்தில்தான் இறக்கிவிட்டார், தெருதான் வேறு. ஒரு வீட்டு முற்றத்தில் உள்ளாடைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு கோழி என்னைப் பார்த்தது. கூட்டத்துக்கு நாற்பது நிமிஷம் பிந்திப் போனேன். பிராங்பேர்ட்டில் எஸ்-பான் ரயில் அவ்வளவு பிந்தினால் எல்லோரும் சேர்ந்து திட்டுவோம். இங்கே தேநீர் ஊற்றித் தந்து, சாப்பிட்டாயா என்று கேட்டார்கள்.

அந்த அறையின் சுவரில் எங்கள் வரைபடம் பெரிதாக மாட்டியிருந்தது. லின்டன் மரங்கள், மஞ்சள் கட்டங்கள், நான் ஒட்டிய நாய்க்காரர். ஹனோயின் நடைபாதையை மூன்று நாள் பார்த்த பிறகு அந்தப் படத்தைப் பார்ப்பது ஒரு மாதிரி இருக்கும் என்று நினைப்பீர்கள். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் பார்த்தது என் வேலை நேரத்தை மட்டும்தான் என்பது பிறகுதான் புத்திக்கு எட்டியது.

வியாழக்கிழமை காலை மின்கம்பத்து ஒலிபெருக்கி எதையோ நீளமாக அறிவித்தது. அக்காவைச் சுற்றியிருந்தவர்கள் சாப்பாட்டை நிறுத்திக் கேட்டார்கள். அறிவித்தது முடிந்ததும் அக்கா கத்திப் பிடியால் நிலத்தைத் தட்டிக் காட்டினார். அவருடைய முக்காலிக்குக் கீழே என் வெண்கட்டி ஏழு, பாதி அழிந்து கிடந்தது. பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். என் வாய் நிறையச் சோறு. மொழி தெரியாத ஊரில் எதற்கும் ஆட்டுவது மாதிரித் தலையை ஆட்டினேன். ஓம், ஓம் என்று தமிழிலும் சொன்னேன். அவருடைய முகம் அப்படியே தெளிந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் திரும்பி எதையோ சொன்னார். எனக்கு இன்னொரு பிடி வெங்காயம் விழுந்தது.

ஒன்பது மணிக்கு ஹுங் அண்ணையிடம் ஒலிபெருக்கி என்ன சொன்னது என்று கேட்டேன். பட்டியல் நாளைப் பின்னேரம் ஒட்டப்படும், பெயர் விடுபட்டவர்கள் இன்றைக்கே வட்டார அலுவலகத்துக்கு வந்து பதிய வேண்டும் என்று சொன்னதாம். நல்ல விஷயம், ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டு நான் பதினாறாம் இலக்கத்துக்கு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பட்டியல் ஒட்டினார்கள். நாற்பத்தொரு பெயர்கள். சைக்கிள் திருத்துகிறவர் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். புதிய நடைபாதை வரும்வரை பழையதிலேயே கட்டம் கீற மஞ்சள் பூச்சு வேலைக்காரரும் அப்போதே வந்துவிட்டார்கள். எங்களுடைய நாட்டில் ஒரு நடைபாதைக் கல்லை மாற்ற மூன்று வருஷம் ஆகும். இங்கே இருட்ட முன்னமே எல்லாக் கட்டங்களும் கீறி முடிந்துவிட்டன.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இறங்கிப் போனேன். ஏழாம் கட்டத்துக்குள் யென் இருந்தார். பத்து மணிக்கு வருகிறவர். தாச்சி இல்லை, அடுப்பு இல்லை, விற்க ஒன்றுமே இல்லை. கட்டத்துக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, சும்மா இருந்தார். என்னைக் கண்டதும் வேறு பக்கம் பார்த்தார். அக்கா தெருவுக்கு அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். நீல முக்காலிகள் கூடையின் மேல் கட்டியிருந்தன. வழக்கமாகச் சாப்பிட வருகிற இரண்டு மூன்று பேர் எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றபடியே சாப்பிட்டார்கள்.

நான் தெருவைக் கடந்து போனேன். அவர் கூடையைத் திறந்தார். வாழையிலையை விரித்தார், சோறு வைத்தார், பயற்றைச் சீவினார், கொழுப்பு ஊற்றாமல் வெங்காயத்தைக் கூடப் போட்டு மடித்துத் தந்தார். பிறகு ஒரு சிறு விசில் சத்தம் கேட்டது. தொப்பி போட்ட காவலர் ஒருவர் நிற்க வேண்டாம் என்று கை காட்டினார். அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். என் கையில் பொதி சுடச்சுட இருந்தது. அப்போதுதான், அவ்வளவு பிந்தித்தான், எனக்கு எல்லாம் விளங்கியது. ஏழாம் இலக்கம் தன் பெயரில்தானே என்று அவர் வியாழக்கிழமை கேட்டதற்குத்தான் நான் ஓம், ஓம் என்று தலையை ஆட்டியிருக்கிறேன். அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழுதேன்.

ஒன்பது மணிக்கு வந்த ஹுங் அண்ணையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அந்த ஊரின் வழக்கம் அப்படி. விடியலில் இருந்து எட்டரை வரை அக்கா, பத்தில் இருந்து மூன்று வரை யென், ஐந்து மணியில் இருந்து ஒரு தேநீர்க்காரர். ஒரே இடம், மூன்று பேர், ஆளுக்கு ஒரு பொழுது. அந்தத் தெருவில் பாதி இடங்கள் அப்படித்தானாம். எழுத்தில் ஒன்றும் இல்லை, பல வருஷமாக ஒரு சண்டையும் இல்லை. தேநீர்க்காரரை நான் கண்ணாலும் கண்டதில்லை. என் வேலை நாலரைக்கு முடிந்துவிடுகிறதே. இலக்கம் போட்டுப் பெயர் எழுதி நான் தீர்க்க வந்த சண்டையை, நான் எழுதித்தான் உண்டாக்கியிருக்கிறேன்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவர்மேல் பாய்ந்தேன். அவர் மறுமொழி சொன்னார்.

"படிவத்திலை நேரம் எண்டு ஒரு கட்டம் இருக்கேல்லை. ஜேர்மன்காரர் கேக்காததுக்கு மறுமொழி சொல்லக் கூடாது எண்டு அங்கை நாலு வருசம் வேலை செய்து பழகிப்போனன்."

என்னை அவர் ஜேர்மன்காரி என்று சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை. விமானத்தில்தான் அது வந்து தைத்தது.

வட்டார அலுவலகத்துக்கு ஓடினோம். அந்த இளம் அதிகாரி நல்ல மனிதர், இருக்கச் சொல்லித் தேநீர் தந்தார். படிவம் எங்களிடமிருந்து வந்தது, ஒரு இடத்துக்கு ஒரு வரி, ஒரு பெயர். இதைத் தான் மாற்ற ஏலாது என்றார். உங்கள் அலுவலகம் திருத்தம் கேட்டு எழுதினால் பார்க்கலாம் என்றும் சொன்னார். சரி, நானே எழுதுகிறேன் என்றேன். அவர் பேனாவை எடுத்தார்.

"ஆரின்ரை பேரிலை?"

நான் ஹுங் அண்ணையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். காலையில் அக்காவிடம் போனது நான் மட்டும்தான். ஆறு நாள் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். அவருடைய வயது தெரியும். வெங்காயத்தை எந்தக் கையால் அள்ளுவார் என்று தெரியும். பெயர் தெரியாது. அக்கா, தங்கச்சி என்று ஆன பிறகு பெயருக்கு என்ன தேவை? எங்கள் ஆட்களிலும் அப்படித்தான், இரண்டாம் வீட்டு அக்காவின் பெயர் அவருடைய மரண அறிவித்தலில்தான் தெரியவரும். அதிகாரி பேனாவை மூடினார். அன்று பின்னேரம் எனக்கு விமானம்.

திங்கட்கிழமை பிராங்பேர்ட்டில் என் அறிக்கையைப் புகழ்ந்தார்கள். நாற்பத்தொரு இடம், நாற்பத்தொரு பெயர், ஒரு குழப்பமும் இல்லை; கள ஆய்வு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார் ஷெஃப், எங்கள் மேலாளர். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். மனம் வருந்தினார் என்றுதான் நினைக்கிறேன். நாலு கிழமைக்குள் திருத்தத்துக்கு ஒரு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போடலாம், ஒருவருக்கு ஒன்று, இணையத்தில் படிவம் இருக்கிறது என்று வழி காட்டினார். பிறகு அடுத்த திட்டத்தைப் பற்றிப் பேசினோம்.

பெயர்களைத் தேடித் தரச் சொல்லி நான் தொலைபேசியில் கேட்க, ஹுங் அண்ணை தேநீர்க்காரரைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் இனி வேண்டாம், மகள் வீட்டோடு இருக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டாராம். அக்காவைத்தான் காணவில்லை. நாலு காலை அந்தச் சந்தில் நின்று பார்த்தாராம். வழக்கமாகச் சாப்பிட வந்தவர்களைக் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் அவர் சோற்று அக்கா, அவ்வளவுதான். வெளி மாகாணத்து ஆள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. யெனிடம் கேட்டுப் பாருங்கோ, அவருக்குக் கட்டாயம் தெரியும் என்றேன். நேற்று அவர் தொலைபேசி எடுத்துப் பேசினார்.

"கேட்டனான். அப்பிடி ஒரு ஆளைத் தனக்குத் தெரியாது எண்டு சொல்லுறா."

"பொய்."

"பொய்தான். முக்காலியைப் பத்து வருசம் தன்ரை சுவரோடை வைச்சுப் பாத்தவ. ஆனால் பேரைச் சொன்னால் தன்ரை கட்டம் போயிடும் எண்டு பயம். அவவையும் பிழை சொல்ல ஏலாது, தங்கச்சி."

அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஜேர்மனில் பேசிக்கொண்டிருந்தவர் அந்த ஒரு சொல்லை மட்டும் தன் மொழியில், 'எம்' என்று, சொன்னார்.

இன்றைக்கு அந்த நாலு கிழமை முடிகிறது. மத்தியான இடைவேளையில் படிவத்தைத் திறந்தேன். நடந்த பிழை என்ன என்ற கட்டத்தை முழுக்க நிரப்பினேன், இடம் போதவில்லை. இடத்தின் இலக்கம் ஏழு. நேரம் என்று ஒரு கட்டம் இப்போதும் இல்லை, அதை நானே குறிப்பில் எழுதினேன். எல்லாம் சரி. அனுப்பும் பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை. மேலே, முதற்பெயர் என்ற இடத்தில் சிவப்புக் கோடு.

அக்கா என்று எழுதினேன். குடும்பப் பெயரையும் நிரப்பச் சொன்னது.